முனீர்க்காவிலிருந்து அம்மாவுக்கு

புது தில்லி
தை 12

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். நீ சொல்லச் சொல்ல அக்கா எழுதிய கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. நான்கு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதாததற்கு வேலைதான் காரணம் என்று நீ எல்லோரிடமும் சொல்லி வருவதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

குளிர் இன்னும் விடவில்லை. கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன் அல்லவா? போன ஞாயிறு நான் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனதில், தொட்டி வழிந்து, மதியம் கொஞ்ச நேரம் எட்டிப்பார்க்கும் வெயிலில் அவர் காயப்போட்டிருந்த ரஜாய் முழுவதும் நனைந்துவிட்டது. பஞ்சு அடைத்த அந்தப் போர்வை காய மூன்று நாளாகும். தெருவே கூடும்படி அரை மணி நேரம் கத்தினார். என் பாட்டன் பூட்டன் வரை இழுத்தாராம். அன்று மாலையே கிண்ணம் நிறையச் சுடச்சுடக் கேரட் அல்வாவுடன் மாடியேறி வந்து, "சாப்பிடு பேட்டா" என்று என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஊரில் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டால் நடுச்சாலையில் இறங்கி, "நான் யார் தெரியுமா" என்று சட்டையைப் பிடிக்கிறார்கள். அதை நான் நல்லதென்று சொல்லவில்லை. ஆனால் யாருக்கு யார்மேல் கோபம் என்பதாவது தெரிந்துவிடுகிறது.

சென்ற விடுமுறையில் ஜந்தர் மந்தருக்குப் போனேன். வானத்தை அளக்க 1724-இல் ராஜா ஜெய்சிங் கட்டியது. நாட்டின் கோபமெல்லாம் இப்போது அதன் பக்கத்துச் சாலையில்தான் வந்து உட்காருகிறது. 2017-இல், சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே போராட்டத்துக்குத் தடை விதித்தது; மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அந்தத் தடைக்குச் சில மாதம் முன்புதான் அய்யாக்கண்ணு தலைமையில் நம் காவிரிப் பக்கத்து விவசாயிகள் 41 நாள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மண்டை ஓடுகளை முன்னால் வைத்துக்கொண்டு, எலியை வாயில் கவ்விக்கொண்டிருந்ததை டிவியில் பார்த்த அப்பா, பாதிச் சோற்றில் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தது உனக்கு நினைவிருக்கும். நம் ஆட்கள் அத்தனை கோபத்திலும் தங்கள் உடம்பைத்தானே வதைத்துக்கொண்டார்கள் என்று அந்தச் சாலையில் நின்றபோது தோன்றியது. சண்டை வந்தால் பாட்டி மூன்று வேளை பட்டினி கிடப்பாளே, சித்தப்பாவின் பெயரைக் கேட்டால் அப்பா மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிடுவாரே, அதேதான்.

இனி வருவதை அப்பா இல்லாதபோது அக்காவைப் படிக்கச் சொல். நான் எழுதாததற்கு வேலை காரணமில்லை. ரயில் கிளம்பும்போது அவர் சொன்ன வார்த்தைதான் காரணம். கத்தத் தெரியாததால் வாயை மூடிக்கொண்டேன். நேற்று, சம்பளம் தள்ளிப்போகும் என்று சொன்னார்கள். இரவு மெஸ்ஸில் ரசம் என்று தக்காளித் தண்ணீரை ஊற்றினார்கள். உன் மிளகு ரசம் நினைவுக்கு வந்ததும் தொண்டைக்குள் சோறு இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், நானும் தட்டிலேயே கை கழுவிக்கொண்டிருந்தேன்.

சம்பள விஷயம் பெரிதல்ல, இந்த மாதப் பணம் இருபதாம் தேதிக்கு மேல் வரும், அவ்வளவுதான்.

சித்தப்பா வரப்பை வெட்டி ஒரு முழம் உள்ளே வந்துவிட்டார் என்பதற்காகக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். நிலத்தை அளக்க மனுக் கொடுத்துப் பணம் கட்டினால் சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுக் கொடுப்பார். பட்டா நகல் பீரோவின் மேல்தட்டில், நீல உறையில் இருக்கிறது. மோட்டார் கொட்டகைச் சாவி சித்தப்பாவிடமே இருக்கட்டும். அதைக் கேட்டு ஆள் அனுப்பாதீர்கள். மாசியில் அவர் மகள் கல்யாணத்துக்கு அப்பா வராவிட்டாலும் நீ போய்வா. சீருக்கு அக்காவிடம் வாங்கிக்கொள், அத்தான் கேட்டால் நான் தருவதாகச் சொல்.

அப்பா இரவில் மோர் ஊற்றிச் சாப்பிடுகிறாரா என்று அடுத்த கடிதத்தில் எழுதச் சொல்.

உன் அன்பு மகன்,
செல்வம்