கணினியும் பிள்ளைகளின் கற்றலும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். வீட்டுப்பாடத்துக்குக் கணினியைப் பயன்படுத்துவதை அறவே தடுக்க வேண்டும் என்று உங்களில் சிலரும், பள்ளியில் கணினிக்கு இன்னும் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்று வேறு சிலரும் என்னிடம் கூறியிருக்கிறீர்கள். இரு தரப்பாரும் பிள்ளைகளின் மீதுள்ள அக்கறையால்தான் பேசுகிறீர்கள் என்பதால், பள்ளியின் எண்ணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அண்மையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கட்டளைப்படி கணினித் திரையில் நகர்ந்து கோடு வரையும் சிறிய ஆமை உருவத்தைக் கொண்டு சமபக்க முக்கோணம் வரைய முயன்றதைப் பார்த்தேன். முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று படித்திருந்ததால், ஒவ்வொரு முனையிலும் 60 பாகை திரும்புமாறு கட்டளையிட்டாள். மூன்று கோடுகள் வரைந்த பின்னும் வடிவம் மூடவில்லை, பாதி அறுகோணமே கிடைத்தது. அவளை யாரும் திருத்தவில்லை. இருக்கையை விட்டு எழுந்து, முக்கோணத்தின் விளிம்பில் நடப்பதைப் போலத் தரையில் நடந்து பார்த்தவள், முனையில் திரும்ப வேண்டியது வெளிக்கோணத்தின் அளவான 120 பாகை என்பதைத் தானே கண்டுகொண்டாள். நான் கரும்பலகையில் ஒரு வாரம் விளக்கியிருந்தாலும் அது அவள் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்த முறை புதியதன்று. கணிதவியலாளரும் கல்விச் சிந்தனையாளருமான சீமோர் பேப்பர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1967-இல் உருவாக்கிய லோகோ என்னும் நிரல்மொழியிலிருந்து வந்தது இது. பிள்ளை கணினிக்குக் கற்பிக்க வேண்டும், அப்படிக் கற்பிக்கும்போது தன் சிந்தனையில் உள்ள பிழையைத் தன் கண்ணாலேயே காண வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். வகுப்பில் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று அஞ்சிக் கையை உயர்த்தாத பிள்ளைகள், கணினியின் முன் பத்து முறை தவறிப் பதினோராவது முறை முயல்வதை எங்கள் ஆசிரியர்கள் அடிக்கடி காண்கிறார்கள். கணினியின் மெய்யான பயன் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் கருவிகளை வாங்கிக் குவிப்பதால் மட்டும் கற்றல் உயர்ந்துவிடுவதில்லை. பள்ளிக் கணினிகளுக்குப் பெருந்தொகை செலவிட்ட நாடுகளில், வாசிப்பிலும் கணிதத்திலும் அறிவியலிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. தகவல் சார்ந்த பாடங்களைத் திரையில் படிப்பதைவிடத் தாளில் படிப்பவர்கள் நன்கு புரிந்துகொள்கிறார்கள் என்று 54 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. ஆகவே நீண்ட பாடங்களுக்கு அச்சுப் புத்தகங்களே தொடரும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வேறொன்று. கேட்டதை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்த பிறகு, ஒரு கட்டுரையையோ கணக்கின் விடையையோ சில நொடிகளில் பெற்றுவிட முடிகிறது. சென்ற மாதம் மாணவர் ஒருவர் மிக அழகான கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டபோது தலைகுனிந்து நின்றார். அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. ஆமையின் முன் அந்த மாணவிக்குக் கிடைத்த தடுமாறும் நேரம் இவருக்குக் கிடைக்காமலே போய்விட்டதே என்றுதான் வருந்தினேன்.

எனவே இனி வீட்டுப்பாடத்தின் முதல் முயற்சி, தவறாக இருந்தாலும், பிள்ளையின் கையெழுத்திலேயே இருக்க வேண்டும். அதன் பிறகு கணினியின் உதவியை நாடியிருந்தால், எதைக் கேட்டார்கள், எதை மாற்றினார்கள் என்று கீழே எழுதிவர வேண்டும். முதல் முயற்சியில் உள்ள பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. வீட்டில் விடை சரியா என்று பார்ப்பதற்கு முன், அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நீங்கள் ஒருமுறை கேட்டால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தன்று கணினி அறை திறந்திருக்கும். உங்கள் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அந்த முக்கோணத்தை நீங்களும் வரைந்து பார்க்குமாறு அன்புடன் அழைக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்