கடல் ஏறும் நேரத்தையும் போடுங்களேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பாறைகள் நிறைந்த ஒரு கடற்கரைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அலைச்சறுக்குப் பலகையும் கையுமாக இளவட்டங்கள் கூடும் இடம். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் சங்கைச் சுமந்து ஓடும் நண்டுகளை என் மகள் ஒரு மணி நேரம் குனிந்தே பார்த்தாள். கழுத்து வலி என்று ராத்திரி முழுக்கப் புலம்பினாள், அது வேறு கதை.

குளிக்க இடம் தேடினோம். எங்கும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, பாறையை ஒட்டி ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கருத்து, அமைதியாகக் கிடந்தது. என் கணவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் இறங்கினார். பலகையோடு வந்த ஒரு பெண், "அண்ணா, அது நாங்க உள்ளே போற ரோடு" என்று தடுத்தாள். கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பி ஓடும் வழியாம் அது. அங்கே ஆழம் கூடுதல், அதனால்தான் அலை உடைவதில்லை. நீரோட்டமே இழுத்துப்போவதால் பலகைக்காரர்களுக்குக் கைவலி இல்லை. வேகம் பிடித்தால் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டுமாம். நல்ல நீச்சல்காரர்கூட எதிர்த்து வர முடியாது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்துப் போராடாமல் மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும், தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வரலாம் என்றாள். வாசலில் இருந்த அறிவிப்பிலோ "ஆபத்தான கடற்கரை" என்ற இரண்டே சொற்கள். எது ஆபத்து, எங்கே ஆபத்து?

அப்புறம் என் மாமியார். வசதியான ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனபோது அதைச் சுற்றி ஈர மணல்தான். திரும்பிப் பார்த்தால் முழங்கால் அளவுத் தண்ணீர்! பாசி வழுக்குகிறது, பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசின் கூரான ஓடு காலைக் கீறுகிறது. நானும் கணவரும் ஆளுக்கொரு கை கொடுத்துத்தான் கொண்டுவந்தோம். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் புரிந்தது. வற்றிய கடல் முழுதாக ஏறப் பெரும்பாலான கரைகளில் 6 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஆனால் முதல் மணியில் ஏறுவது கொஞ்சம்தான்; மூன்றாவது, நான்காவது மணிகளில்தான் விறுவிறுவென்று ஏறும். முதலில் அசையாத தண்ணீரைப் பார்த்து நாங்கள் ஏமாந்துவிட்டோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் அதிகம். நாங்கள் போனது பௌர்ணமிக்கு மறுநாள்.

சூரியன் உதிக்கும் நேரம், மறையும் நேரம் எல்லாம் தினமும் போடுகிறீர்கள். பக்கத்திலேயே கடல் ஏறும், வற்றும் நேரங்களுக்கு இரண்டு வரி ஒதுக்கக் கூடாதா? அலையின் உயரத்தைப் போட்டால், இரண்டு அலைகளுக்கு நடுவே எத்தனை நொடி என்பதையும் சேர்த்துப் போடுங்கள். 6 நொடிக்கு ஒருமுறை வரும் 1 மீட்டர் அலையும், 14 நொடிக்கு ஒருமுறை வரும் 1 மீட்டர் அலையும் ஒன்றல்ல. இரண்டாவது, பாறையில் நிற்பவரை அடித்துத் தள்ளிவிடும்.

மாமியார் அடுத்த மாதமும் அங்கேயே போக வேண்டும் என்கிறார். அதே பாறைதான் வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி