தலையணை உறையில் வந்த படங்கள்

எங்கள் தெருவுக்கும், ஞாயிற்றுக்கிழமை கேமரா நடைக் குழுவுக்கும், பள்ளியில் என்னோடு பணிபுரிகிறவர்களுக்கும், புங்க மரத்தடி இஸ்திரி வண்டி அம்மாவுக்கும்,

வணக்கம்.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி வந்த வெள்ளத்தைப் பற்றி உங்களில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தக் கோடு இருக்கிறது. தண்ணீர் வடிந்து, மின்சாரம் வந்து, சேற்றைத் தள்ளிக் கழுவி முடித்து, இன்றைக்குத்தான் மேசை முன்னால் உட்கார முடிந்தது. உட்கார்ந்ததும் முதல் வேலையாக இந்த மடலை எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் பொங்கல் வேலைகள் வந்துவிடும், மனம் ஆறிவிடும். ஆறிய மனத்தோடு நன்றி சொல்ல எனக்கு விருப்பமில்லை. உதவியவர்களில் பலர் தங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

ஐந்து நாள் எங்களைத் தங்கள் வீட்டு மனிதர்களாக வைத்துச் சோறு போட்ட மாடி வீட்டுக் குடும்பத்துக்கு நன்றி. நான் நனைந்த கேமராவைக் கையில் எடுத்ததும், "ஆன் செய்து பார்க்காதீர்கள் அக்கா, முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்" என்று எதிர் வீட்டு மாடியிலிருந்து தொண்டை கிழியக் கத்திய தம்பிக்கும், அரிசிக்குள் புதைக்கப் போனபோது தடுத்து, அரிசியின் மாவுத்தூள் உள்ளே போனால் அது வேறு கேடு என்று எடுத்துச் சொன்ன குழு நண்பருக்கும் நன்றி. சிறிய பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அந்தப் பெரியவர் தனக்கே ஆயிரம் வேலை கிடந்த வாரத்தில் என் கேமராவுக்காக ஒரு பகலை ஒதுக்கினார். ஜப்பானியத் திருகாணிகள் பார்ப்பதற்கு நம் ஊர் ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனால் சாதாரண ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும் என்று காட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே சர்க்யூட் பலகையில் பச்சையாகப் பூத்திருந்தது. "இது போய்விட்டது அம்மா" என்று நேராகச் சொன்னார். தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் என் 70-300 லென்சின் கண்ணாடிகளுக்கு நடுவே தண்ணீர் நின்றது. அதற்கும் அதே பதில். பொய்யாக நம்பிக்கை கொடுக்காததற்கும், காசு வாங்க மறுத்ததற்கும் அவருக்கு என் வணக்கம். இந்தக் கல்வியாண்டு முடியும்வரை தன் கேமராவை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்ன இயற்பியல் ஆசிரியருக்கும், கடிதம் எழுதிக் கொடுத்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நன்றி.

உங்கள் எல்லோருக்குமான நன்றியை ஒரே பத்தியில் அடுக்கிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இனி எழுதப் போவது இஸ்திரி வண்டி அம்மாவைப் பற்றி. அவர் செய்ததை இந்தத் தெருவில் பாதிப் பேர் அறிவார்கள். முழுதாக அறிந்தவள் நான் ஒருத்திதான்.

2015 கோடை விடுமுறையில், ஒருவர் பயன்படுத்திய நிக்கான் டி3200 கேமராவை வாங்கினேன். அதோடு ஒரு 18-55 லென்ஸ். மறு ஆண்டு பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த லென்சிலும் ஃபோகஸ் மோட்டார் இல்லை, என் கேமராவிலும் இல்லை என்பது. வளையத்தைக் கையால் திருப்பி, வியூஃபைண்டரின் கீழ் மூலையில் பச்சைப் புள்ளி அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அன்று அழுகை வந்தது. ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் முகங்களை நிதானமாகப் பார்க்கப் பழகினேன். அதன் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஒரே லென்சோடு போயிருக்கிறேன்.

கணக்கு டீச்சர் என்பதால் எதையும் எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு. ஸ்டூடியோவில் நான்குக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டு வந்ததும் பின்பக்கத்தில் தேதி, இடம், லென்ஸ் துளையின் அளவு (எஃப்), ஷட்டர் வேகம், ஒளி உணர்திறன் (ஐஎஸ்ஓ) ஆகியவற்றை எழுதுவேன். கீழே ஒரு வரியில் என்ன தவறு என்பதையும் எழுதுவேன். அந்தத் தாளின் முதுகு வழவழப்பானது, சாதாரண பென்சில் பிடிக்காது. அதனால் கருமை கூடிய 6பி பென்சில் வைத்திருந்தேன். படத்தில் இருப்பவருக்கே அந்தப் பிரிண்டைக் கொடுத்துவிடுவதும் வழக்கமானது. கம்ப்யூட்டரிலும் ஹார்டு டிஸ்க்கிலும் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம்.

கம்ப்யூட்டரும் தண்ணீரில் கிடந்தது, ஹார்டு டிஸ்க்கும் தண்ணீரில் கிடந்தது. எட்டு ஆண்டுகள்.

தண்ணீர் வடிந்த எட்டாம் நாள் காலையில் வாசலில் குரல் கேட்டது. இஸ்திரி வண்டி அம்மா நின்றார். கையில் ஒரு தலையணை உறை, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் தேய்த்தது. என்னுடையதுதான். வெள்ளத்துக்கு முந்தைய நாள் தேய்க்கக் கொடுத்த துணி மூட்டையை அவர் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படியில் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அன்று நனையாத துணி அந்த மூட்டையில் இருந்தவை மட்டும்தான். அவருடைய சொந்தப் புடவைகள் நனைந்துவிட்டன என்பதை இரண்டு நாள் கழித்துப் பால் பூத்தில்தான் கேள்விப்பட்டேன்.

உறைக்குள் கையை விட்டு ஒரு படத்தை எடுத்தார். "டீச்சர், உங்கள் படமெல்லாம் தண்ணீரில் போய்விட்டதாமே. நீங்கள் எங்களுக்குக் கொடுத்தது என்னிடம் இருக்கிறது. இதைப் பார்த்து மறுபடியும் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

அவருடைய கணவரின் படம். 2015 ஆகஸ்டில் நான் எடுத்தது. விடியற்காலை ஆறு மணிக்குப் பித்தளைப் பெட்டியில் கரியைப் போட்டு, கங்கு பிடிப்பதற்காகக் கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருக்கிறார். முகம் தெளிவாக இருக்கிறது. கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிற வீச்சும் அதற்குள் சிவப்பாக ஒரு கோடும் மட்டுமே. கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் போய்விட்டார். அவர் வேலை செய்கிற கோலத்தில் அந்த வீட்டில் இருப்பது இந்த ஒரே படம். அதைத்தான் என்னிடம் கொடுக்க வந்திருந்தார்.

நான் வாங்கிக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. "இன்னும் யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது. தேய்த்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் அல்லவா? எந்த வீட்டுக் கூடத்தில் என் படம் மாட்டியிருக்கிறது, எந்தக் கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வண்டியை மறுபடியும் போட்டது முதல், துணி கொடுக்கப் போகிற இடத்தில் எல்லாம் கேட்டிருக்கிறார். பூக்கட்டும் அக்காவிடம், இளநீர்க்காரரிடம், காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துவந்து விற்கும் அம்மாவிடம், வாடகைக்கு இருந்து வேறு தெருவுக்கு மாறிப்போன குடும்பத்திடம்கூடத் தேடிப் போயிருக்கிறார். பன்னிரண்டு நாட்களில் 41 படங்கள். ஒவ்வொரு முறையும் அதே தலையணை உறையில்.

பாதிக்கு மேல் நனைந்தவை. சில ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பிடித்து இழுத்தால் மேல்பூச்சு கண்ணாடியிலேயே நின்றுவிடும். ஸ்டூடியோவில் போடும் பிரிண்ட் தண்ணீருக்கு அஞ்சாது, அது பிறப்பதே மருந்துத் தண்ணீரில்தான். ஒட்டிக்கொண்டு காய்வதுதான் ஆபத்து என்று அவரிடம் சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன். அதன் பிறகு அவரே ஒரு பிளாஸ்டிக் தட்டில் நல்ல தண்ணீர் விட்டு, கண்ணாடியோடு படத்தை ஊறவைத்து, ஓரம் தானாக எழும்பும்வரை தொடாமல் காத்திருந்து பிரித்தெடுத்தார். படப்பக்கம் மேலே பார்க்கக் காயவைத்தார். காய்ந்த பிறகு சுருண்டுகொண்டவற்றை இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவே வைத்து, மேலே கரி போடாத இஸ்திரிப் பெட்டியை இரவு முழுவதும் பாரமாக ஏற்றிவைத்தார். வாழ்நாளெல்லாம் சூட்டோடு பிடித்த அந்தப் பெட்டியை எனக்காகக் குளிரவைத்துப் பயன்படுத்தினார்.

பென்சில் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. மைப் பேனாவில் எழுதியிருந்தால் எல்லாம் கரைந்திருக்கும்.

41 படங்களையும் தேதி வாரியாகத் தரையில் பரப்பி, கவிழ்த்துவைத்துப் படித்தேன். அதில் நான் கற்ற பாடமெல்லாம் இருந்தது. முதல் ஆண்டு மெரினாவில் எடுத்த சுண்டல்காரரின் படத்துக்குப் பின்னால் "எஃப் 22. கடல் சாய்ந்துவிட்டது" என்று இருக்கிறது. துளையைச் சுருக்கச் சுருக்கக் கூர்மை கூடும் என்று நம்பிய காலம் அது. ஒரு அளவுக்கு மேல் சுருக்கினால் ஒளியே சிதறிப் படம் மழுங்கும் என்று அடுத்த ஆண்டின் படம் ஒன்றில் எழுதியிருக்கிறேன். மீன்கார அம்மாவின் 2018 படத்தில், "ஐஸ் கட்டியின் வெள்ளையைப் பார்த்து மீட்டர் ஏமாந்தது. முகம் இருட்டு. +1 வைக்க வேண்டும்." 2019-இல் அதே அம்மா, அதே கூடை, ஒளியை ஒரு படி கூட்டி +1 வைத்திருக்கிறேன், முகத்தில் மஞ்சள் பூசியது தெரிகிறது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தில் எடுத்த படத்தில் எந்தக் குறையும் எழுதவில்லை. "போதும்" என்று மட்டும் இருக்கிறது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எடுத்தவை ஒன்றுகூடத் திரும்பவில்லை. பூநாரைகளும் கூழைக்கடாக்களும், மூன்று ஆண்டுகளின் பனிக்காலங்களும் போயின. அவற்றை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

இஸ்திரிக்காரர் படத்தின் முதுகில் நான் எழுதியிருந்தது இது: "எஃப் 4, 1/30, ஐஎஸ்ஓ 800. கை ஆடிவிட்டது. படம் வீண்." அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது. இத்தனை ஆண்டுகள் இது அவர்கள் வீட்டில் இருந்திருக்கிறது. அவருடைய மகள் படித்தவள். அம்மாவிடம் கேட்டேன், பின்னால் எழுதியிருப்பதை யாராவது படித்துக் காட்டினார்களா என்று.

"பாப்பா படித்தாள். 'கை ஆடிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்களாம். அவர் கை எப்போது டீச்சர் சும்மா இருந்தது? சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்" என்றார். "வீண்" என்ற சொல்லை மகள் படித்துக் காட்டவில்லை என்று புரிந்தது. அந்தப் பிள்ளைக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஏதாவது கொடுக்க வேண்டும் என்று பர்சைத் திறந்தேன். வெள்ளத்துக்கு முன்னால் தேய்த்த துணிக்குப் பாக்கி 80 ரூபாய் என்று கணக்குச் சொல்லி, நூறு ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு, இருபதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

41 படங்களையும் ஸ்கேன் செய்துவிட்டேன். தை முடிவதற்குள் ஒவ்வொன்றையும் புதிதாகப் பிரிண்ட் போட்டு, உரியவர் வீட்டுக்கு நானே கொண்டுவந்து கொடுப்பேன். பின்பக்கத்தில் தேதியும் இடமும் மட்டும் இருக்கும். குறைகளை இனி என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். பழைய பிரிண்ட் வேண்டும் என்கிறவர்களுக்கு அதையும் சேர்த்துத் தருவேன். இஸ்திரிக்காரர் படத்தின் பின்னால் இருந்த அந்த ஒரு சொல்லை மட்டும் அம்மாவின் மகள் எதிரிலேயே ரப்பரால் அழித்துவிட்டேன். இனி நான் எடுக்கும் எந்த முகமும் என் வீட்டில் மட்டும் இருக்காது. இதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவைக்கிறேன்.

50 மி.மீ. லென்ஸ் பிழைத்துவிட்டது. சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவைத்திருந்தேன். அந்த டப்பா மிதந்திருக்கிறது. மூடி வழியாகக் கொஞ்சம் ஈரம் இறங்கியதைப் பெரியவர் துடைத்துக் கொடுத்தார். வளையம் இறுக்கமாகத் திரும்புகிறது, ஆனால் திரும்புகிறது.

இத்தனை ஆண்டுகளில் அந்த அம்மாவை நான் ஒருமுறையும் படம் எடுத்ததில்லை. கணவரை எடுக்கும்போதெல்லாம் அவர் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பார், நானும் கூப்பிட்டதில்லை. நேற்றுக் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றார். பிறகு, நனையாமல் தப்பிய புடவை ஒன்று இருக்கிறது, அதை உடுத்திக்கொண்டு வருகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கரி மூட்டுவாராம். அதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே நான் அங்கே இருப்பேன்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து உங்கள் டீச்சர்