பாப்பாவுக்கு, அந்த ஒன்பது மணிச் செய்தியைப் பற்றி

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. லண்டன் போர்ட்லண்ட் பிளேஸில் பிபிசியின் அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு கையில் காபி, இன்னொரு கையில் குடையோடு நிற்கிறாய். அம்மா பார்த்ததுமே "மெலிஞ்சுட்டா" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் உன்னை அப்புறம்தான் பார்த்தேன். முதலில் உன் தலைக்கு மேலே தெரிந்த ஜன்னல்களை எண்ணினேன். குடை மறைத்ததில் நாலாவது வரிசைக்கு மேல் எண்ண முடியவில்லை.

எதற்கு எண்ணினேன் என்று சொல்கிறேன். வழக்கம்போல அப்பா லெக்சர் ஆரம்பிச்சுட்டார் என்று போனைக் கீழே வைக்காதே. இது கடிதம், வைக்கவும் முடியாது.

1940 அக்டோபர் 15. செப்டம்பர் 7-ல் தொடங்கி லண்டனில் இரவுதோறும் ஜெர்மன் குண்டு விழுந்துகொண்டிருந்த சமயம். ஆனால் அந்த நாட்களில் ரேடியோவில் காலையில் என்ன வந்தது தெரியுமா? எட்டேகாலுக்குச் சமையல். ரேஷனில் கிடைக்கிற கொஞ்சம் வெண்ணெயை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், உருளைக்கிழங்கை எத்தனை விதமாக ஆக்கலாம் என்று ஐந்து நிமிடம் பேசுவார்கள். பத்தரைக்கும் மதியம் மூன்றுக்கும் தொழிற்சாலைகளுக்காக அரை மணி நேரம் பாட்டு. தாளம் ஒரே சீராக ஓட வேண்டும், மெதுவான வால்ட்ஸ் கூடாது. நடுவில் கை தட்டுகிற மாதிரி ஒரு பாட்டைப் பிற்பாடு தடையே செய்தார்கள். ஆட்கள் கை தட்டுவதற்குப் பதிலாக ஸ்பேனரை எடுத்து மெஷினைத் தட்டினால் என்ன ஆவது!

அன்று இரவு எட்டு மணி வாக்கில் நீ நின்ற கட்டடத்தின் ஏழாவது மாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு குண்டு உள்ளே வந்தது. 500 பவுண்டு, நம் கணக்கில் இரண்டேகால் குவிண்டால். தளங்களைத் துளைத்து இறங்கி, ஐந்தாவது மாடியில் இசைத் தாள்கள் வைத்திருந்த நூலகத்தில் போய் நின்றது. வெடிக்கவில்லை. தாமதித்து வெடிக்கிற ரகம் அது. அதை அப்புறப்படுத்தப் பார்த்தபோது, ஒன்பது மணி தாண்டி ஓரிரு நிமிடத்தில் வெடித்தது. ஏழு பேர் இறந்தார்கள்.

அதே நேரத்தில் அதே கட்டடத்தில் புரூஸ் பெல்ஃப்ரேஜ் ஒன்பது மணிச் செய்தியை வாசித்துக்கொண்டிருந்தார். அடிப்படையில் நாடக நடிகர். படையெடுப்பு நடந்து எதிரி மைக்கைப் பிடித்துக்கொண்டால், இது நம்ம ஆள் குரலா என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த வருஷம்தான் செய்தி வாசிப்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அதனால் அன்று வாசித்தது யார் என்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மந்தமான சத்தம் கேட்டது. குரல் நின்றது. யாரோ பக்கத்தில் தணிந்த குரலில் ஒன்றுமில்லை என்பதுபோல ஏதோ சொன்னது கேட்டது. மறுபடி குரல் வந்தது, விட்ட இடத்திலிருந்து. அவர் மேலெல்லாம் காரையும் கரியும். கேட்டவர்களுக்கு அது தெரியாது. கட்டடத்தில் குண்டு விழுந்ததை மைக்கில் சொல்லவும் கூடாது. சொன்னால் எதிரிக்குக் குறி சரிதான் என்று நாமே தகவல் கொடுத்த மாதிரி.

இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் பெல்ஃப்ரேஜோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அவர் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் 31 வருஷம் ரேடியோ ஸ்டேஷன் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், எழுதிய தாள் கையில் இருந்தால் வாய் அடுத்த வரிக்குத் தானாகப் போய்விடும். கையில் தாள் இல்லாமல், ஐந்தாவது மாடியில் அந்தக் குண்டுக்குப் பக்கத்தில் நின்றவர்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். கீழே செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மணி பார்த்துப் பிழைக்கிற ஜாதி நாங்கள்.

சரி, உனக்குப் பிடிக்காத டெக்னிக்கல் பகுதி. மீடியம் வேவ் நிலையம் ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தால் வானத்தில் வருகிறவனுக்கு அது கலங்கரை விளக்கம் மாதிரி. அதைப் பிடித்துத் திசை கண்டுபிடித்துவிடுவான். அதனால் 1939 செப்டம்பர் 1-லேயே ஊருக்கு ஓர் அலைவரிசை என்று இருந்ததை எல்லாம் கட்டிவைத்துவிட்டு 391 மீட்டர், 449 மீட்டர் என்று இரண்டே அலைவரிசைகளில் பல டிரான்ஸ்மிட்டர்களை ஒன்றாகப் பாட விட்டார்கள். எது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. விமானம் நெருங்கினால் அந்த ஒரு டிரான்ஸ்மிட்டரை மட்டும் அணைப்பார்கள், தூரத்தில் இருப்பது பாடிக்கொண்டிருக்கும். வீட்டு ரேடியோவில் சத்தம் குறையும், நிற்காது. இதை யோசித்தவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் பாப்பா.

இவ்வளவும் நடந்து ஏழு மாதம் முடிவதற்குள், 1941 மே 3-ல், அதே பிபிசியிலிருந்து தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. பிற்பாடு தமிழோசை என்று உன் தாத்தா ஷார்ட் வேவில் காதை ஒட்டிவைத்துக் கேட்டாரே, அதுதான். இலங்கைச் செய்தி என்றால் தெருவே எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். இரைச்சல் வரும்போது தாத்தா ரேடியோவைத் தட்டுவார். நான் அதைப் பிரித்துப் பார்க்கப்போய் அடி வாங்கியதுதான் இந்த வேலைக்கு என் முதல் தகுதி.

மீட்டிங்கில் மூன்று விநாடி வாயடைத்து நின்றுவிட்டேன், எல்லோரும் பார்த்தார்கள் என்று போனில் அழுதாயே. நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பிறந்த வருஷம், ராத்திரி டூட்டி. டெல்லிச் செய்தியை ரிலே செய்ய லைனை மாற்ற வேண்டும். நான் டீ குடித்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். ஒரு நிமிடம் 50 விநாடி, நிலையத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. டூட்டி ஆபீசர் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். லாக் புக்கில் என் கையாலேயே "சைலன்ஸ், 1.50" என்று எழுதினேன். மறுநாள் மெமோ. பதிலில் நான் எழுதிய காரணம் லைன் கோளாறு. பச்சைப் பொய். உன் அம்மாவுக்கு மட்டும்தான் இதுவரை தெரியும்.

அம்மா வடாம் பிழியக் கூப்பிடுகிறாள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்று, குடையை மடக்கி வைத்துவிட்டு ஒரு படம் எடு. நீ அதில் வேண்டாம். ஐந்தாவது மாடி தெரிந்தால் போதும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பார்சலில் புளி வேண்டாம், அங்கேயே கிடைக்கிறது என்றாய். அம்மா ஏற்கெனவே இரண்டு கிலோ கொட்டை எடுத்துவிட்டாள்.