கேத்திப் பள்ளத்தாக்கு காய்கறி விவசாயிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை அதிகம் பேசவைத்த தண்ணீர் விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன்.

பாய்ச்சும் தண்ணீரில் பயிருக்குப் போய்ச் சேருவது வாய்க்காலில் சுமார் 60 சதவீதம், ஸ்பிரிங்ளரில் 75, சொட்டு நீரில் 90 என்பது பொதுவான கணக்கு. இதைக் கேட்டதும் எல்லோரும் சொட்டு நீருக்கு மாறிவிடலாம் என்றோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் கேரட் விதையை நெருக்கமாக, மேலாகப் போடுகிறோம். முளைக்கும்வரை பாத்தி முழுக்க மேல்மண் ஈரமாக இருக்க வேண்டும். சொட்டுக் குழாய் தன் பக்கத்தை மட்டும்தான் நனைக்கும். குழாய்களை நெருக்கிப் போட்டால் செலவு எகிறிவிடும், அறுவடையில் கொத்து பட்டு அறுந்தும் போகும். கேரட்டுக்கு ஸ்பிரிங்ளரே இருக்கட்டும் என்பது இப்போது என் கருத்து.

முட்டைக்கோஸ், பூண்டுக்குச் சொட்டு நீர் சரிதான். அதிலும் ஒரு பாடம் கற்றோம். உறுப்பினர் ஒருவரின் தோட்டத்தில் மேல் படி வாடியது, கீழ் படி சதசதவென்று கிடந்தது. 10 மீட்டர் இறக்கத்துக்குக் குழாயில் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ கூடும். மேலே 1 கிலோவில் மணிக்கு 4 லிட்டர் விடும் சாதாரண சொட்டுவான் (குழாயில் தண்ணீர் சொட்டும் சிறு முனை), கீழே 2 கிலோவில் ஐந்தரை லிட்டருக்கு மேல் விடும். பிரஷரைச் சமன் செய்யும் சொட்டுவான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பொருத்த வந்தவர்கள் சொல்லவில்லை, நமக்கும் கேட்கத் தெரியவில்லை.

அப்புறம் டப்பா சோதனை. ஒரே அளவு டப்பாக்களை வயலில் பரப்பி ஸ்பிரிங்ளரை ஓட்டினோம். டப்பாவில் நின்ற தண்ணீர் 1 மில்லிமீட்டர் உயரம் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். காற்றில்லாத காலையில் டப்பாக்கள் ஏறக்குறைய சமமாக நிரம்பின. மதியக் காற்றில் ஒரு பக்கம் நிரம்ப, மறுபக்கம் அடி மட்டுமே நனைந்தது. பக்கத்து வயலின் பார்த்தீனியத்துக்கு நாம் டீசல் எரித்திருக்கிறோம்! மோட்டார் போடும் நேரத்தை மாற்றக் காசு எதுவும் வேண்டாம். உறைபனியைக் கழுவ விடியற்காலையில் ஓட்டுவது வேறு கணக்கு, அதை யாரும் வீண் என்று சொல்ல வேண்டாம்.

சொட்டு நீர், ஸ்பிரிங்ளர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்துக்கு அரசு மானியம் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. சிறு விவசாயி சான்று இல்லாதவர்கள் முதலில் அதை வாங்கிவிடுங்கள்.

டப்பாக்களை வாங்கிப் போனவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. சந்தை முடிந்து வரும்போது சங்கத் திண்ணையில் வைத்துவிட்டால் போதும், கேட்டு நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.