மீன் தொட்டிக் கிருமிநீக்கச் சேவை தொடர்பான முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

நோய் வந்த மீன் தொட்டியைக் கழுவி, கிருமி நீக்கி, அன்றைக்கே புது மீனும் விட்டுத் தருவதாகச் சொல்லி உங்கள் நிறுவனம் என்னிடம் 18,500 ரூபாய் வாங்கியது. போன சனிக்கிழமை வேலை நடந்தது. ஞாயிறு விடியப் பார்த்தால் புது மீன்கள் அத்தனையும் செத்து மிதக்கின்றன. காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பழைய மீன்கள் மெலிந்து, முதுகு வளைந்து, உடம்பில் புண் வைத்து ஒவ்வொன்றாகச் செத்தன. கால்நடை வைத்தியர் பார்த்துவிட்டு மீன் காசநோயாக இருக்கலாம் என்றார். பதிவு செய்யும்போதே தொலைபேசியில் இதைச் சொன்னேன். "சரி, குறித்துக்கொள்கிறோம்" என்றார்கள். வேலைக்கு வந்த தம்பிக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. கையுறையும் கொடுத்து அனுப்பவில்லை. அவருடைய பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுக் கல்லை அள்ளியதில் அது ஊறி, ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அதைக் கண்டதும் ஓடிப்போய் அடுப்படியில் கிடந்த கையுறையை எடுத்துக் கொடுத்தேன்.

மீன் காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி காயத்தின் வழியாக மனிதர் தோலுக்குள்ளும் போகும். கையில் கட்டி கட்டியாக வரும். அதுவும் சில கிழமைகள் கழித்துத் தெரிவதால், மீன் தொட்டியால் வந்தது என்று யாருக்கும் தோன்றாது. வந்துவிட்டால் மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். தயவுசெய்து அந்தத் தம்பியை உடனே ஒரு வைத்தியரிடம் அனுப்புங்கள். நோய் பிடித்த மீன் தொட்டிக்குள் கை விட்டதை அவர் அங்கே மறக்காமல் சொல்ல வேண்டும். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாவம், ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பியிருக்கிறீர்கள்.

அடுத்தது, செய்த வேலை. கிருமிநாசினி என்று கொண்டுவந்தது தரை துடைக்கிற, சோப்புக் கலந்த லவண்டர் வாசனைப் பிளீச். மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய் போன்றவற்றுக்கு வாசனை சேராத சாதாரண பிளீச் போதும். காசநோய்க் கிருமிக்கு மெழுகு கலந்த வெளிச்சுவர் இருப்பதால் அது குளோரினுக்கு லேசில் சாகாது. அதற்குக் கண்ணாடியை அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, 70 சதவீத அற்ககோலால் துடைக்க வேண்டும். கல், மரத்துண்டு, பில்டர் ஸ்பொஞ்ச் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் அவற்றின் இடுக்குகளில் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அவையெல்லாம் வாளியில் ஒரு அலசு அலசித் திரும்பத் தொட்டிக்குள்ளேயே போடப்பட்டன.

அப்புறம் பைப்பைத் திறந்து நிரப்பினார். தண்ணீர் விழுந்த இடத்தில் சோப்பு நுரை எழும்பியது. இன்னொரு தரம் கழுவுங்கள் தம்பி என்றேன். "இன்னும் ரெண்டு வீடு இருக்கு அன்ரி" என்றார். கொழும்புப் பைப் தண்ணீரிலேயே குளோரின் உண்டு, அதோடு பிளீச்சின் மிச்சமும் சேர்ந்தது. தயோசல்பேட் விட்டிருந்தால் குளோரினாவது முறிந்திருக்கும். சோப்புக்கு அது மருந்தல்ல, சோப்பு செவுளைத் தாக்கும். கொஞ்ச நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உங்கள் இலக்கத்துக்கு எடுத்தேன், யாரும் எடுக்கவில்லை.

தண்ணீர் நல்லதாக இருந்திருந்தாலும் அந்த மீன்கள் தப்பியிருக்குமோ தெரியாது. மீன் கழிவில் வரும் அமோனியாவை மாற்றுகிற நல்ல பாக்டீரியா புதிதாகத் தொடங்கும் பில்டரில் வளர 4 முதல் 6 கிழமைகள் பிடிக்கும். ஆகவே கிருமி நீக்கிய அன்றைக்கே மீன் விடுவதாக விளம்பரம் செய்வதே பிழை. அதை நிறுத்துங்கள்.

இன்னொன்று. உங்கள் வான் வண்டியிலிருந்து எடுத்த மீன் வலை வரும்போதே ஈரமாக இருந்தது. என் தொட்டிக்குள் போட்டு எடுத்த அதே வலைதான் அடுத்த வீடுகளுக்கும் போயிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் தொட்டிக்குள் கை விடுவார்கள்.

கட்டிய 18,500 ரூபாயும் முழுதாக எனக்குத் திரும்ப வேண்டும். கல்லும் மரமும் ஸ்பொஞ்சும் உங்கள் செலவில் அகற்றப்பட வேண்டும். அதற்கு வருகிறவர் கையுறையோடு வரட்டும், நோயின் பெயரையும் தெரிந்துகொண்டு வரட்டும். தம்பியை வைத்தியரிடம் அனுப்பினீர்களா, மற்ற வீடுகளுக்குச் சொன்னீர்களா என்பதையும் சேர்த்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன். பற்றுச்சீட்டின் பிரதியும், நுரையோடு இருக்கும் தொட்டியின் படங்களும், அந்தப் பிளீச் போத்தலின் படமும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்