எந்த ஈயம் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈயச் சொம்பில் ரசம் வைப்பது உடலுக்குக் கேடு என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தியைப் படித்தேன். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதையும், அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் எச்சரிப்பதையும் செய்தியாளர் சரியாகவே எடுத்துக்காட்டியிருந்தார். ஆனால் அவை யாவும் காரீயத்தைப் பற்றியவை. முறையாக வார்க்கப்பட்ட ஈயச் சொம்போ வெள்ளீயத்தால் ஆனது.

பெயரில் உறவு இருந்தாலும் இவை வெவ்வேறு தனிமங்கள். வெள்ளீயத்தின் அணு எண் 50, காரீயத்தின் அணு எண் 82. பண்டைய ரோமானியரும் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து, கருப்பு, வெள்ளை என அடைமொழி சேர்த்தே பிரித்தனர் என்பதால், இக்குழப்பத்துக்கு நம் மொழியை மட்டும் குறை கூற இயலாது. 'ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும்' என்ற பழமொழியில் வருவது வெள்ளீயம். காய்ச்சிக் காதில் ஊற்றியது எந்த ஈயம் என்பதை ஊற்றியவர்தான் சொல்ல வேண்டும்.

பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் உட்புறமெங்கும் இழுத்துப் பூசுவது, புளி பட்டுக் களிம்பு ஏறாதிருக்கவே. உணவு அடைக்கும் தகர டப்பாக்களின் உட்பூச்சும் இதுவே. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். இருந்தும் ரசம் கொதிக்கும்போது சொம்பு உருகாததற்குக் காரணம், உள்ளிருக்கும் நீர் அதன் சூட்டை 100 டிகிரியை ஒட்டியே நிறுத்திவைப்பதுதான். அதனால்தான் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே சொம்பை அடுப்பில் ஏற்றுவார்கள். என் தாயார் ஒருமுறை காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கப் போய்த் திரும்புவதற்குள், அதன் அடிப்பாகம் பர்னரின் மீது வெள்ளிக் குழம்பாக வழிந்திருந்தது.

செய்தியில் இடம்பெற வேண்டிய உண்மையான ஆபத்து வேறு. வெள்ளீயத்தைவிடக் காரீயம் மிகவும் மலிவு என்பதால், சொம்பு வார்க்கும்போது அதைக் கலப்பவர்களும் உண்டு. புளியின் அமிலம் அக்காரீயத்தைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். சென்ற ஆண்டு நான் வாங்கிய சொம்பை வெள்ளைத் தாளில் தேய்த்தபோது, பென்சிலால் எழுதியதைப் போலச் சாம்பல் நிறக் கோடு விழுந்தது; கடைக்காரர் மறுபேச்சின்றிப் பணத்தைத் திருப்பித் தந்தார். ஆயினும் சிறிதளவு கலப்பை இச்சோதனை காட்டாது. நீரில் அமிழ்த்திப் பார்த்தாலும் எளிதில் தெரியாது: ஒரு கிலோ தூய வெள்ளீயம் ஏறத்தாழ 137 மில்லிலிட்டர் நீரை இடம்பெயர்க்கும் என்றால், நூற்றுக்குப் பத்துப் பங்கு காரீயம் கலந்தது 132 மில்லிலிட்டரை இடம்பெயர்க்கும். இந்த ஐந்து மில்லிலிட்டரை வீட்டு அளவுக் குவளையில் யார் கண்டுபிடிப்பது? ஆய்வகக் கருவியே கதி.

ஆகவே, தங்கத்துக்கு இருப்பதைப் போல ஈயச் சொம்புக்கும் தரமுத்திரை வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன். அதுவரை, செய்திகளில் வெறுமனே 'ஈயம்' என்னாமல் காரீயம், வெள்ளீயம் என்று பிரித்தாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கும்பகோணம்.